அப்புவும் தம்பியும்



ஒரு நாடு தன்னை உலகிற்கு அறிமுகம் செய்துகொள்ளும் வழிகள் பலவற்றுள், பன்னாட்டு விளையாட்டு விழாவிற்கென வரையப்படும் சித்திரமும் ஒன்று. மொழி அறியாதவரும் அதனை நொடியில் உணர்ந்துகொள்வர். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவர் யோஷினோரி சகாய் என்னும் இளைஞர். அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்டு 6ஆம் நாளன்று, இரோஷிமா மாவட்டத்திலேயே பிறந்தவர் அவர். போரில் வீழ்ந்த ஜப்பான் மீண்டும் எழுந்தது என்பதை வேறு எவ்வாறு இத்துணைச் சுருக்கமாகச் சொல்ல இயலும்?

நம் நாட்டிற்கு வருவோம். 1982இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிற்கு 'அப்பு' என்னும் யானைக் குட்டி அடையாளமாயிற்று. ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடத்தின் உருவம் விழாவின் முத்திரையில் இடம்பெற்றது. நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அவ்வாண்டில்தான். வலிமையும் பழம்பெரும் அறிவும் புதிய தொழில் நுட்பமும் உடையது இந்தியா என்பதே அச்சித்திரங்களின் செய்தி. ஆனால் சித்திரத்திற்குள் வாராத சிலரும் இருந்தனர். விழாவிற்கான கட்டடங்களை எழுப்பிய தொழிலாளர்க்குச் சட்டம் வகுத்த நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் எனப்பட்ட கங்காணிகள் அதில் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் கையில் சேர்ந்தது 8 ரூபாய் 25 காசே. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. விழா தொடங்க இரண்டு திங்கள் இருக்கையில், நீதிபதி பகவதி அவர்கள் தீர்ப்பளித்தார்: குறைந்த அளவுக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குதல், அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பே. அப்புவை நினைவுகூர்வோருள் எத்தனை பேர் இத்தீர்ப்பை அறிவர்? என்னைக் கேட்டால், அவ்வாண்டு இந்தியா உலகிற்குக் காட்டியவற்றுள் மேலானது இதுவே என்பேன்.

நாற்பது ஆண்டுகள் கழிந்து, 2022இல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்திற்கு வந்தது. ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி அது. உக்ரைன் போரினால் இடம் மாறிற்று. வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர். சென்னையின் நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகையாயிற்று. எம்.கே.பி. நகரிலிருந்து மெரினாவிற்குச் சென்ற பிள்ளைகளுள் பலர் அக்கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் கண்டிருப்பீர்கள். சாயம் பூசியதனால் மட்டும் அப்படம் நிலைக்கவில்லை. மானுவேல் ஆரன் 1961இலேயே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். சென்னையில் அவர் நிறுவிய டால் செஸ் மன்றத்தில் பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988இல் முதல் கிராண்ட் மாஸ்டரானார். அரை நூற்றாண்டு உழைப்பு தம்பிக்குப் பின்னே நின்றது.

வடசென்னைக்கும் இத்தகைய முதல் உண்டு. தெருமுனைக் கேரம் மன்றங்களைச் சொல்கிறேன். ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றது இவ்வட்டாரத்திலிருந்து சென்றுதான். அவ்வாட்டத்தின் உலகப் போட்டி நாளை இங்கே நடப்பதாக வைத்துக்கொள்வோம். சின்னம் வரையும் பணி உங்களிடம் வந்தால், துறைமுகத்துப் பாரந்தூக்கியை வரைவீர்களா, காசிமேட்டுப் படகையா, மஞ்சள் ஆட்டோவையா?