தனிமையில் அஞ்சிக் குரைக்கும் வளர்ப்பு நாய்: பழக்குவது எப்படி?

மும்பை: காலை ஒன்பது மணிக்குப் பிறகு தாதர், மாட்டுங்கா பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. வீட்டிலுள்ளோர் அனைவரும் மின்சார ரயிலைப் பிடிக்க விரைந்துவிட, பூட்டிய கதவுக்கு உட்புறம் இருக்கும் வளர்ப்பு நாய் குரைக்கத் தொடங்குகிறது. குரைப்பு ஊளையாக மாறுகிறது. மாலையில் திரும்புவோர் கதவோரம் பெயர்ந்து கிடக்கும் மரச்சிராய்களையும் ஈரமான மிதியடியையும் காண்கின்றனர். சில நாட்களில் சொசைட்டி எனப்படும் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்தின் புகார்க் கடிதமும் வந்து சேர்கிறது.

இவ்வாறான நிலையில் உரிமையாளர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகின்றனர். ஒன்று, நாயை அடித்துத் திருத்த முயல்வது. மற்றொன்று, அதை வேறு எவரிடமேனும் ஒப்படைத்துவிடுவது. இவ்விரண்டுக்கும் முன்பாகச் செய்யத்தக்கது நிறைய உள்ளது. கால்நடை மருத்துவத்தில் ‘பிரிவுப் பதற்றம்’ என்று அழைக்கப்படும் இந்நிலை, உரிய முறையில் பழக்கினால் பெரும்பாலான நாய்களிடம் கணிசமாகக் குறையக்கூடியதே ஆகும்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, நாய் பழிவாங்குவதற்காகக் காலணியைக் கடிப்பதில்லை என்பதாகும். பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகங்களில் இருந்த 24 நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகளை 2010-ஆம் ஆண்டு வெளியிட்டனர். அறையின் ஒரு புறத்தில் வைக்கப்படும் கிண்ணத்தில் உணவு இருக்கும், மறுபுறத்துக் கிண்ணம் காலியாக இருக்கும் என்று நாய்களுக்குப் பழக்கப்படுத்திய பின், கிண்ணம் இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் வைக்கப்பட்டது. தனியே விடப்படும்போது அதிகம் குரைத்து, பொருட்களைச் சேதப்படுத்திய நாய்கள், அக்கிண்ணத்தை நோக்கி மெதுவாகவே சென்றன. உணவு இராது என்றே அவை எதிர்பார்த்தன என ஆய்வாளர்கள் கருதினர். அதாவது, அந்நாய்களின் மனநிலையே பொதுவாகச் சோர்ந்திருந்தது.

வீடு திரும்பும்போது தலையைத் தாழ்த்தி, காதுகளை மடக்கி நிற்கும் நாயைப் பார்த்து, ‘செய்த தவறு அதற்குத் தெரிகிறது’ என்று கூறுவோர் பலர். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தோற்றம் நாய் உண்மையில் தவறு செய்ததா என்பதைப் பொறுத்ததன்று, உரிமையாளர் கடிந்துகொள்வதைப் பொறுத்தது எனக் காட்டியது. எட்டு மணி நேரத்துக்கு முன் கிழித்த தலையணைக்காக மாலையில் அடி வாங்கும் நாய், தலையணைக்கும் அடிக்கும் உள்ள தொடர்பை அறியாது. உரிமையாளர் திரும்பி வருவதும் ஆபத்து என்பதையே அது கற்றுக்கொள்கிறது. அதன் பின்னர் புறப்பாடு மட்டுமின்றி வருகையும் அச்சம் தருவதாகிவிடுகிறது.

காரணங்கள் யாவை?

எல்லா நாய்களுக்கும் இச்சிக்கல் வருவதில்லை. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 13,700-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் திரட்டி 2020-இல் வெளியிட்ட தகவல்களின்படி, ஒலிகளுக்கு அஞ்சுபவை 32 சதவீதம். தனிமை தொடர்பான சிக்கல் உள்ளவை 5 சதவீதம். அமெரிக்காவில் 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே ஒரு பெரியவர் மட்டும் வசிக்கும் வீடுகளின் நாய்களுக்கு இப்பதற்றம் ஏற்படும் வாய்ப்பு, பலர் வசிக்கும் வீடுகளைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு எனக் கண்டறியப்பட்டது.

இந்த இரண்டாவது தகவல் மும்பைக்கு மிகவும் பொருந்துகிறது. தாதர் கிழக்கை ஒட்டிய நாய்காவ் பகுதியில், 1920-களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால் எனப்படும் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுப்பப்பட்டு வருகின்றன. சுமார் 160 சதுர அடி அறையில் வசித்த குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீடு கிடைக்கிறது. மனிதர்களுக்கு இது பெரும் முன்னேற்றமே. ஆனால் சாலில் பகல் முழுவதும் கதவுகள் திறந்தே கிடக்கும். பொது வராந்தாவில் குழந்தைகளும் முதியோரும் நடமாடியபடி இருப்பர். அங்கு வளரும் நாய் உண்மையில் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. தாராவியின் குறுகிய சந்துகளிலும் இதே நிலைதான். அத்தகைய நாய் பதினைந்தாவது மாடியில், மூடிய கதவுக்குள் முதன்முறையாகத் தனித்து விடப்படும்போது திகைப்பது வியப்பன்று. வீடு மாறுதல், குடும்பத்தில் ஒருவர் பிரிதல், வேலை நேரம் மாறுதல் ஆகியவை இப்பதற்றத்தைத் தூண்டுபவை என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்தாகும்.

கொரோனா காலம் இதற்குப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டாக அமைந்தது. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு தொடங்கிய பின், மும்பை மின்சார ரயில்களில் பொதுமக்கள் மீண்டும் பயணிக்க அனுமதிக்கப்பட்டது 2021 பிப்ரவரி 1-ஆம் தேதிதான். இரண்டாவது அலையில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. அம்மாதங்களில் வீட்டுக்கு வந்த குட்டிகள், ஆளில்லாத வீடு என்ற ஒன்றையே அறியாமல் வளர்ந்தன.

உறுதி செய்வது எவ்வாறு?

குரைக்கும் நாய்கள் அனைத்தும் பதற்றத்தில் குரைப்பவை அல்ல. மின்தூக்கியின் ஓசைக்கும், கூரியர் ஊழியரின் காலடிக்கும் குரைத்துவிட்டு மீண்டும் உறங்கும் நாய் காவல் காக்கிறது. பொழுதுபோகாமல் செருப்பைக் கடிக்கும் ஒன்பது மாதக் குட்டிக்குத் தேவை ஓட்டமும் விளையாட்டும். திடீரென வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கத் தொடங்கும் நாய்க்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று இருக்கலாம். வயது முதிர்ந்த நாய்களிடம் மூளைச் செயல்திறன் குறைவதாலும் குழப்பம் தோன்றும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி, பழைய கைபேசி ஒன்றைக் காணொளிப் பதிவில் வைத்துவிட்டு வெளியேறுவது. பிரிவுப் பதற்றம் உள்ள நாயிடம் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தென்பட்டுவிடும்: இடைவிடாத நடை, மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகுதல், வெளியேறிய அதே கதவைப் பிறாண்டுதல். கவனிக்கத்தக்க மற்றோர் அறிகுறி உணவு. மிகவும் பிடித்த தின்பண்டத்தை வைத்துவிட்டுச் சென்றாலும் நாய் அதைத் தொடாது. உரிமையாளர் திரும்பிய அடுத்த நொடி ஆவலுடன் தின்னும்.

நொடிகளில் தொடங்கும் பயிற்சி

சிகிச்சையின் அடிப்படை மிக எளியது. நடைமுறையில்தான் பொறுமை தேவைப்படுகிறது. அச்சம் தோன்றும் கால அளவுக்குச் சற்றுக் குறைவாகவே நாயைத் தனியே விட்டு, அந்த அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே அது. ஒரு நிமிடத்தில் பதறும் நாய்க்குப் பயிற்சி ஐம்பது நொடியில் முடிந்துவிட வேண்டும். ‘கத்திக் கத்தி ஓய்ந்துவிடும்’ என்று எட்டு மணி நேரம் விடுவது இதற்கு நேர் எதிரானது. அதனால் அச்சம் ஒவ்வொரு நாளும் உறுதிப்படவே செய்கிறது.

தொடக்கத்தில் வாயிற்கதவைத் தாண்ட வேண்டியதில்லை. நாய் அமைதியாகப் படுத்திருக்கும் வேளையில் கதவருகே சென்று திரும்பலாம். அடுத்து, தாழ்ப்பாளைத் தொட்டுத் திரும்பலாம். பின்னர் கதவைத் திறந்து மூடலாம். அதற்கும் நாய் பொருட்படுத்தாமல் இருந்தால், வெளியே சென்று ஐந்து நொடியில் திரும்பலாம். இவ்வாறு பத்து நொடி, இருபது நொடி, ஒரு நிமிடம் எனக் கூட்டும்போது, இடையிடையே குறைந்த நேரமும் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் நேரம் கூடிக்கொண்டே போனால், அடுத்தது இன்னும் கடினம் என நாய் எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும் நன்று.

பல நாய்கள் கதவு மூடுவதற்கு முன்பே பதறத் தொடங்குகின்றன. சாவிக்கொத்தின் ஓசை, காலணி அணிதல், டப்பாவில் சாப்பாடு கட்டுதல், ஹெல்மெட்டை எடுத்தல் ஆகிய ஒவ்வொன்றும் அவற்றுக்கு முன்னறிவிப்பு. எனவே சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குச் செல்லலாம். காலணி அணிந்தபடி அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம். பார்ப்பவர்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றினாலும், சாவி என்றால் பிரிவு என்ற இணைப்பு இதனால் மெல்லத் தளரும்.

முதல் சில நிமிடங்களை எட்டுவதற்கே வாரங்கள் ஆகலாம். அரை மணி நேரத்தைத் தாண்டிய பின் முன்னேற்றம் பொதுவாக வேகமெடுக்கும். பின்னடைவும் இயல்பே. தீபாவளிப் பட்டாசு வெடிக்கும் நாட்களிலும், விநாயகர் ஊர்வலத்தின் முரசொலி எழும் நாட்களிலும் பயிற்சியை நிறுத்தி வைத்து, பின்னர் சில படிகள் கீழிறங்கித் தொடங்குவது நல்லது.

புறப்படுவதற்கு முன் நல்ல நடை உதவும். சிவாஜி பூங்காவின் வெளிச்சுற்றிலும் மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களை ஒட்டியும் காலையில் நாய்களுடன் நடப்போரைக் காணலாம். வேகமாக ஓடுவதைவிட, நாய் விரும்பும் இடத்தில் நின்று மோப்பம் பிடிக்க விடுவதே அதன் மனத்தை அமைதிப்படுத்தும். மழைக்காலத்தில் நடை குறையும்போது, பழைய துணியைச் சுருட்டி அதனுள் உணவுத் துண்டுகளை ஒளித்து வைத்துத் தேடவிடலாம். உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் உப்பில்லாத தயிரும் வேகவைத்த கேரட்டும் அடைத்து உறையவைத்துத் தருவதும் உண்டு. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். எனினும், கடுமையாகப் பதறும் நாய்க்கு இவை துணை மட்டுமே; பயிற்சிக்கு மாற்றாகா.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாம் என்பது அடிக்கடி கூறப்படும் யோசனை. பெரும்பாலான நாய்கள் ஏங்குவது மனிதருக்காக. எனவே இது பல நேரங்களில் பலனளிப்பதில்லை. இரண்டு நாய்களும் சேர்ந்து குரைக்கும் நிலையும் ஏற்படலாம். கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் நாய்கள் உள்ளன. குரைத்தால் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை, ஏற்கெனவே அஞ்சும் உயிருக்கு வலியையும் சேர்க்கிறது.

பயிற்சிக் காலத்தில் பகலில் யார்?

இம்முறையின் கடினமான பகுதி இதுவே. பயிற்சி நடக்கும் வாரங்களில், நாயால் தாங்க முடியாத நேரம் அதனைத் தனியே விடாதிருப்பது அவசியம். ஒரு நாள் முழுதும் அலறவிட்டால் ஒரு வார உழைப்பு வீணாகலாம். ஆனால் விரார் வண்டியிலோ கல்யாண் வண்டியிலோ தொங்கிச் செல்லும் ஊழியரால் இரண்டு மாதம் விடுப்பு எடுக்க இயலாது. வீட்டிலிருந்து பணியாற்றும் நாட்களைக் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி அமைத்துக்கொள்ளுதல், பகலில் வீட்டிலிருக்கும் அண்டை வீட்டு முதியவரிடம் விடுதல், வீட்டுப் பணியாளரின் நேரத்தைக் கூட்டுதல், பகல்நேரக் காப்பகம் ஆகியவற்றைக் கலந்தே பலர் சமாளிக்க வேண்டியிருக்கும். நாய்க்குத் தேவை உரிமையாளர்தான் என்பதில்லை. பழகிய ஒருவர் உடன் இருந்தாலே பல நாய்களுக்குப் போதும்.

கடுமையான பதற்றத்துக்கு மருந்தும் உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்காகக் குளோமிப்ரமின் மருந்தை 1998-இலும், ஃபுளுவோக்செட்டின் மருந்தை 2007-இலும் அனுமதித்தது. இரண்டும் பழக்கப் பயிற்சியுடன் சேர்த்தே தரப்பட வேண்டியவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்தானது. உடலை மட்டும் தளரச் செய்யும் மருந்துகள், அச்சத்தை உள்ளேயே வைத்துவிட்டு நாயை அசையாதபடி செய்துவிடும். தாதருக்கு அருகிலேயே பரேலில் 1886-இல் தொடங்கப்பட்ட பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் கால்நடை மருத்துவமனையும் உள்ளன. மகாலட்சுமியில் டாட்டா அறக்கட்டளையின் சிறு விலங்குகள் மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. செல்வோர் கைபேசியில் பதிவு செய்த காணொளியை எடுத்துச் செல்வது நல்லது. மருத்துவர் முன்னிலையில் நாய் தனிமையில் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்ளாது.

சங்கத்தின் கடிதத்துக்கு என்ன பதில்?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க இயலாது; குரைப்பதும் அதற்கு ஏற்கத்தக்க காரணமாகாது. அதே வேளையில், அண்டை வீட்டாருக்குத் தொல்லை நேராதபடி பார்த்துக்கொள்ளுமாறு உரிமையாளர்களையும் வாரியம் கேட்டுக்கொள்கிறது. சட்டம் உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, வழக்கமாகச் சங்கிலியிலோ குறுகிய இடத்திலோ அடைத்து வைக்கப்படும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராதிருப்பதும், பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவதும் குற்றமாகும்.

இருப்பினும், வழிகாட்டுதலின் நகலை நீட்டுவது மட்டும் இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்க முயலும் அடுத்த வீட்டுக்காரருக்கு ஆறுதல் தராது. சிகிச்சை நடைபெறுகிறது என்ற மருத்துவரின் குறிப்பையும், பயிற்சிக்கு ஆகும் உத்தேச காலத்தையும் எழுத்து மூலம் சங்கத்திடம் அளிக்கலாம். நாய் எப்போது குரைத்தது, எவ்வளவு நேரம் குரைத்தது என்பதைக் குறித்துத் தருமாறு அண்டை வீட்டாரையே கேட்கலாம். அந்தக் குறிப்பு பயிற்சியின் முன்னேற்றத்தைக் கணக்கிடவும் பயன்படும்.