இதயம் வரையும் கோடு

உத்தமபாளையத்தைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களில் கொடிகள் தலைக்குமேல் பந்தலிற் படர்ந்திருக்கும். உழவர் கைகளை உயர்த்தியே குலைகளைக் கொய்வர். அவருள் ஒருவருக்கு அடிக்கடி மயக்கம் வருகிறதெனக் கொள்வோம். மருத்துவர் அவர் மார்பில் மின்வாய்களை ஒட்டி, நாள் முழுதும் இதயத்துடிப்பைப் பதியும் சிறு கருவியை அணிவித்து அனுப்புவார். 1940களின் இறுதியில் அமெரிக்கரான நார்மன் ஹோல்ட்டர் இதன் முன்னோடியை அமைத்தபொழுது, அது முதுகிற் சுமக்கும் 38 கிலோ மூட்டையாயிருந்தது!

இதயத்தின் மின்னழுத்தம் மார்புத் தோலில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டே. கை உயரும்பொழுது தோல் இழுபட்டு, அதனினும் மிகுந்த மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கக்கூடும். அப்பொழுது கோடு தாறுமாறாக ஏறியிறங்கும். அதனை உயிர்க்கு ஊறான விரைதுடிப்பென மயங்கி, வேண்டாத சிகிச்சை அளித்த நிகழ்ச்சிகளை 1999இல் வெளியான ஆய்வொன்று எடுத்துரைக்கிறது. மெய்யான கேட்டை வெறும் அசைவென ஒதுக்குதலோ இன்னும் கொடிது.

இதற்கு மருந்து பெரும்பாலும் தொடக்கத்திலேயே உள்ளது. மயிரை மழித்து, வியர்வையைத் துடைத்து, சொரசொரப்பான தாளால் தோலை மெல்லத் தேய்த்தபின், தசைமிக்க இடத்தை விடுத்து எலும்பின்மீது மின்வாயை ஒட்டவேண்டும். கம்பியைச் சிறிது தளர்வாக வளைத்து ஒட்டினால் அது மின்வாயை இழுக்காது.

எஞ்சியதைக் கணிப்பொறி களையும். மூச்சினால் எழும் மெல்லலையை வடிகட்டுதல் எளிது. கையசைவின் அலைகளோ துடிப்பின் அலைகளோடு கலந்துவிடும். ஆகவே அசைவைத் தனியே அளக்கும் உணரியொன்றைச் சேர்த்து, அதனோடு ஒத்த பகுதியை மட்டும் கழிப்பர்; பெர்னார்டு விட்ரோவும் அவர்தம் குழுவினரும் 1975இல் விளக்கிய முறை இது.

மயக்கம் வந்த நேரத்தை உழவர் குறித்து வைத்திருப்பின், மருத்துவர் முதலில் அந்நேரத்துக் கோட்டையே நோக்குவார்.