வெளியே விளையாடினால் என்னவெல்லாம் நடக்கும், தெரியுமா?

“வெயில்ல போகாதே!” “மண்ணை அள்ளாதே!” “மேல ஏறாதே!” பிள்ளைகள் நாள்தோறும் கேட்கும் மூன்று அதட்டல்கள் இவை. ஆனால் அந்த வெயிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் உயரத்துக்குள்ளும் எத்தனை அதிசயங்கள் இருக்கின்றன தெரியுமா?

வெயில் கண்ணைக் காக்கும்!

வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ்தான். பளீரென்ற வெயிலிலோ அது 1,00,000 லக்ஸைத் தொடும்! அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது. கண்விழி அளவுக்கு மீறி நீண்டு கிட்டப்பார்வை வராமல் அது தடுக்கிறது என்பதே ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம். சூரியனை அண்ணாந்து பார்க்கவே கூடாது. வெளியே ஓடியாடினாலே போதும்!

3 எங்கே, 29 எங்கே!

சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் 6, 7 வயது. சிங்கப்பூரில் 29 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை; சிட்னியில் சுமார் 3 சதவீதம்தான்! சிட்னிக் குழந்தைகள் புத்தகமே தொடாதவர்களா? இல்லை, அவர்கள்தான் அதிகம் படித்தவர்கள்! ஆனால் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகளுக்குக் கிடைத்ததோ 3 மணி நேரம்.

சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகள் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டன. மூன்றே ஆண்டுகளில் வித்தியாசம் தெரிந்தது. வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதத்தினருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது; இந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம்!

28 நாள், கொஞ்சம் காட்டு மண்!

பின்லாந்தில் சில மழலையர் பகல்நேரக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையைப் பெயர்த்து வந்து பரப்பினார்கள். குழந்தைகள் அதில் புரண்டார்கள், செடி நட்டார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் வாழும் பாக்டீரியாக்களின் வகை பெருகியது. நோய் எதிர்ப்பு மண்டலம் சீர்ப்படும் அறிகுறிகளும் ரத்தத்தில் தெரிந்தன. 2020-ல் வெளியான ஆய்வு இது.

மண் விளையாட்டுக்குத் தமிழ் இலக்கியத்தில் தனி இடமே உண்டு! ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்றும் விளையாட்டுதான்: சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில், சிறுமியர் கட்டிய மணல் வீட்டைப் பாட்டுடைத் தலைவனான பொடியன் சிதைக்க வருவான். “வேண்டாம்” என்று அவர்கள் கெஞ்சுவார்கள்!

கணக்குப் பாடம் பூங்காவுக்கு வந்தது!

பூங்காக்களில் பிள்ளைகள் தொற்றி ஏறும் கம்பிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு கணித மேதை! நான்காம் பரிமாணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த சார்லஸ் ஹோவர்ட் ஹிண்டன், ஜப்பானில் இருந்தபோது தன் பிள்ளைகளுக்கு முப்பரிமாணம் புரிய மூங்கிலில் கட்டங்கட்டமாக ஒரு சட்டகம் அமைத்தார். மகன் செபாஸ்டியன் மனதில் தங்கியதோ அதில் ஏறி விளையாடிய குஷி! வளர்ந்து வழக்கறிஞரானதும் அதையே விளையாட்டுச் சாதனமாக்கி, 1920-களில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார்.

உடைசல் போதும்!

டென்மார்க்கின் பூங்கா வடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன், தான் அழகழகாய் அமைத்த மைதானங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டுமான இடங்களில் கும்மாளம் போடுவதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த யோசனைப்படி, 1943-ல் உலகப் போரின்போது ஜெர்மனியப் பிடியில் இருந்த கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் உடைசல் மைதானம் திறந்தது. பலகை, செங்கல், சுத்தியல், ஆணி கொடுத்து, “நீங்களே கட்டுங்கள்!” என்று விட்டுவிட்டார்கள். போர் முடிந்ததும் அந்த யோசனை லண்டனுக்குப் போய், குண்டு விழுந்த காலி மனைகளை விளையாட்டுத் திடலாக்கியது!

ஆம்ஸ்டர்டாமில் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947 தொடங்கி 700-க்கும் மேற்பட்ட திடல்களை அமைத்தார். பலவும் சும்மா கிடந்த மூலைமுடுக்குகள். மணல்தொட்டி, தாண்டிக் குதிக்கக் கற்கள், ஏறக் கம்பி வளைவு, அவ்வளவுதான்!

சட்டமே சொல்கிறது!

1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் அதில் இணைந்தது. இன்று மாலை “உள்ளே வா” என்று குரல் கொடுக்கும் முன் அந்த 31-ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் ராத்திரி விளக்கிலும் எழுதலாம். வெயில் போனால் நாளைக்குத்தான்!