பெனடோலும் கீழாநெல்லியும்: கல்லீரல் சொல்லும் கணக்கு

காய்ச்சல் என்றால் இரண்டு பெனடோல். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லிச் சாறு. தோட்டத்திலும் பட்டணத்திலும் பல தமிழர் வீடுகளில் இதுதான் முதல் வைத்தியம்.

இந்த இரண்டும் ஆய்வுக்கூடத்திலும் சந்திக்கின்றன. பெனடோலில் உள்ள பாராசிட்டமோலை அதிக அளவில் கொடுத்து எலியின் கல்லீரலைப் பாதிக்கச் செய்வார்கள். அதைக் காக்கும் ஆற்றல் இருக்கிறதா என்று சோதிக்கப்படும் மூலிகைகளில் கீழாநெல்லியும் ஒன்று.

மாத்திரை எப்போது நஞ்சாகிறது?

பாராசிட்டமோல் அளவோடு எடுத்தால் பாதுகாப்பான மருந்துதான். உடலுக்குள் போனதும் அதில் ஒரு சிறு பகுதி நச்சுப் பொருளாக மாறுகிறது. கல்லீரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அந்த நச்சை உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மீறினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகும். மிச்சமிருக்கும் நச்சு கல்லீரல் செல்களைக் கொல்லத் தொடங்கும்.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பதே உச்ச வரம்பு. தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும், சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தவர்களுக்கும் குளுட்டாதயோன் கையிருப்பு குறைவு. அவர்கள் அந்த எல்லை வரைகூடப் போகாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமோல் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்குபவருக்குத் தாம் எல்லை தாண்டியதே தெரியாது.

இரத்தம் தாமதமாகப் பேசும்

கல்லீரல் செல்கள் உடைந்தால் அவற்றுக்குள் இருக்கும் ஏஎல்டி என்ற நொதி இரத்தத்தில் கசியும். கல்லீரல் பாதிப்பை அறிய மருத்துவர்கள் பார்க்கும் முக்கிய அடையாளம் இது. ஆனால் மாத்திரை விழுங்கிய முதல் சில மணி நேரத்தில் ஏஎல்டி சாதாரணமாகவே இருக்கலாம். நோயாளிக்கும் குமட்டல், வாந்தியைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். கண் மஞ்சளிக்கும்போது காலம் கடந்திருக்கும். ஏஎல்டிக்கு முன்பே உயரும் மைக்ரோ ஆர்என்ஏ-122 போன்ற புதிய அடையாளங்களை அறிவியலாளர்கள் ஆராய்வது இதனால்தான்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. அதன் பெயர் அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டாதயோனை மீண்டும் நிரப்ப உதவும் இந்த மருந்தின் பலனை 1970களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவர் லாரி பிரெஸ்கோட் குழுவினர் காட்டினர். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றப்படும்.

கீழாநெல்லி என்ன செய்யும்?

கீழாநெல்லிச் சாறு கொடுத்த எலிகளில் பாதிப்பு குறைந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் இத்தகைய சோதனைகள் பலவற்றில் மூலிகையை முதலில் கொடுத்துவிட்டு, பிறகுதான் நச்சைக் கொடுக்கிறார்கள். வீட்டில் நடப்பதோ தலைகீழ். முதலில் பாதிப்பு வருகிறது, பிறகுதான் மூலிகையைத் தேடுகிறோம்.

1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் அடையாளம் மறைந்தது என்பதே அது. உலகமே திரும்பிப் பார்த்தது. மற்ற இடங்களில் பின்னர் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

அப்படியானால் மஞ்சள் காமாலை கீழாநெல்லியால் குணமானது என்று பலர் சொல்வது எப்படி? ஹெப்படைட்டிஸ் ஏ போன்ற கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகும். அந்தப் பெருமை மூலிகைக்குப் போய்விடுகிறது. பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல், மருந்து நஞ்சு ஆகியவற்றாலும் கண் மஞ்சளிக்கும். அவற்றுக்குக் காத்திருக்க நேரமில்லை.

மாத்திரை அட்டையின் பின்புறம் பாராசிட்டமோல் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளில் எத்தனை என்று எண்ணுங்கள். அளவு மீறிவிட்டால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூலிகை குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.