எஃப்.ஓ.பி. என்று எழுதும் முன்

திருப்பூர் பனியன் பெட்டிகள் தூத்துக்குடி வழியே கன்டெய்னரில் கப்பலேறுகின்றன. ஒப்பந்தத்தில் பழக்கத்தால் எழுதப்படுவது 'எஃப்.ஓ.பி.'. பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1936 முதல் வெளியிட்டுவரும் 'இன்கோடெர்ம்ஸ்' விதிகளின்படி, எஃப்.ஓ.பி. என்றால் சரக்கைக் கப்பலுக்குள் வைக்கும்வரை சேதத்துக்குப் பொறுப்பு விற்பவரே. மூட்டை மூட்டையாக ஏற்றிய காலத்துக்கு அது பொருந்தியது. கன்டெய்னரோ கப்பல் புறப்படும் முன்பே முனையத்தில் ஒப்படைக்கப்படுகிறது. அங்கே மழைநீர் புகுந்தாலும், கிரேன் தவறவிட்டாலும், தம் கையைவிட்டுப் போன சரக்கின் நஷ்டம் ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். இது அநியாயம். ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு கைமாறும் 'எஃப்.சி.ஏ.'தான் கன்டெய்னருக்கு ஏற்றது. சபை சொல்வதும் அதுவே.

கப்பலில் ஏற்றியாயிற்று என்ற குறிப்புள்ள 'பில் ஆஃப் லேடிங்' இல்லாமல் வங்கி பணம் தராதல்லவா என்று சிலர் கேட்பார்கள். எல்.சி. (வங்கியின் கடன் கடிதம்) வைத்து வியாபாரம் செய்பவருக்கு அது நியாயமான அச்சம். அதற்காகவே 2020 பதிப்பில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டால், ஏற்றியபின் அந்த ஆவணத்தை விற்பவருக்குத் தரும்படி கப்பல் நிறுவனத்திடம் வாங்குபவரே சொல்ல வேண்டும். அவர் எஃப்.சி.ஏ.வுக்கே இணங்கவில்லையென்றால், ஆலை வாசலிலிருந்து கப்பல்தளம்வரை உங்கள் பெயரில் காப்பீடு எடுத்துவிடுங்கள்.