கழற்றுவது எளிது, மாட்டும்போதுதான் கிளட்ச் சோதிக்கும்

மெர்போக் ஆறு கடலில் கலக்கும் தஞ்சோங் டாவாயில் வீசும் உப்புக் காற்றில் நெத்திலி நன்றாகக் காயும். இரும்பு நன்றாகத் துருப்பிடிக்கும். இத்தகைய கடலோர ஊர்களில் ஒரு காரை ஆறு மாதம் அசைக்காமல் நிறுத்தி வைத்தால், கிளட்ச் தட்டு பிளைவீலோடு ஒட்டிக்கொள்வது உண்டு. மிதிக்கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் கியர் விழாது. பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள், நிறுத்தும்போது மிதிக்கட்டையை ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து அழுத்தி வைப்பது இதனால்தான். தவறினால் கிளட்சைக் கழற்ற வேண்டிவரும். கழற்றுவதில் பெரிய வித்தை இல்லை. திரும்ப மாட்டும்போதுதான் வேலை தெரிந்தவர் யார் என்பது தெரியவரும்.

சாதாரணக் காரில் தவறாக மாட்டினால் கியர் பெட்டியை இன்னொரு முறை இறக்கினால் போதும். லோட்டஸ் செவன் போன்ற காரில் அது நடக்காது. அதன் நடுச்சுரங்கம் மிகக் குறுகலானது. கியர் பெட்டியைத் தனியாகக் கீழே இறக்க வழியில்லை. பெரும்பாலும் என்ஜினும் கியர் பெட்டியும் சேர்ந்தே மேலே தூக்கப்படுகின்றன. ஒரு தட்டைத் திருப்பி மாட்டிய தவற்றுக்கு முழு என்ஜினையும் மறுபடி வெளியே எடுக்க வேண்டும்.

லோட்டஸ் செவன் 1957இல் இங்கிலாந்தில் கோலின் சாப்மன் வெளியிட்ட கார். பாகங்களாக வாங்கி, வாங்கியவரே வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்ளலாம். முழுக் காருக்கு அந்நாட்டில் இருந்த கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும். ஆகவே நிறுவனம் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்ததாம். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து படித்துப் பூட்டிக்கொண்டாராம்! 1973இல் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. மலேசியர்களுக்கு இவை அந்நியப் பெயர்கள் அல்ல. லோட்டஸ் 1996 முதல் 2017 வரை புரோட்டோனிடம் இருந்தது. கேட்டர்ஹாமை 2011இல் டோனி பெர்னாண்டஸ் வாங்கினார். 2021இல் அது ஜப்பானிய நிறுவனம் ஒன்றிடம் கைமாறியது.

எந்தக் காரின் பாகம்?

இப்படிப் பூட்டிய காரில் காரின் பெயரைச் சொல்லிக் கிளட்ச் வாங்கக் கூடாது. செவன் பலவற்றில் இருப்பது போர்டு என்ஜின். 1970களில் மலேசியச் சாலைகளில் ஓடிய எஸ்கார்ட், கோர்ட்டினா கார்களிலும் அதே குடும்பத்து என்ஜின்கள் இருந்தன. கியர் பெட்டி வேறொரு காரிலிருந்து வந்திருக்கலாம். பூட்டியவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார். நடுவில் இன்னொருவர் மாற்றியும் இருப்பார். பழைய தட்டையே கடைக்கு எடுத்துச் சென்று விட்டத்தை அளந்து, நடுத்துளையின் பற்களை எண்ணிப் பார்த்து வாங்குவதே சரி.

கிளட்சின் வேலையைப் புரிந்துகொள்ள இரண்டு உள்ளங்கைகள் போதும். நடுவில் ஓர் அட்டையை வைத்து அழுத்தியபடி கைகளைச் சுழற்றினால் அட்டையும் சுழலும். பிடியைத் தளர்த்தினால் கை மட்டும் சுழலும். ஒரு கை பிளைவீல், மற்றொன்று பிரஷர் பிளேட், அட்டைதான் கிளட்ச் தட்டு. கெடாவின் குருனில் தயாராகி 1996இல் வெளிவந்த மோடெனாஸ் கிரிஸ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பழகிய இளைஞர்கள் இங்கே ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அதன் கிளட்ச் எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்யும். இந்தக் காரின் கிளட்சோ உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்ட தட்டு, ஈரக் கை பட்ட ஊறுகாய் ஜாடி மாதிரிதான்.

தூசு ஆபத்து

பழைய காரின் கிளட்ச் தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பட்டறைகளில் கூட்டைத் திறந்தவுடன் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. அதை அறவே விட வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் இருமல்கூட உடனே வராது. 20, 30 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். மூக்கில் துணி கட்டுவது இதற்குப் போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பழைய தட்டையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிட வேண்டும். வேலை உடையை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளின் துணியோடு துவைக்கக் கூடாது.

இனி மாட்டும் வேலை. பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளோ வெடிப்போ இருந்தால் கடைசல் பட்டறைக்குக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் சிறு பேரிங், அதன் பின்பக்க எண்ணெய் சீல், கிளட்சை விடுவிக்கும் பேரிங் ஆகிய மூன்றையும் இப்போதே மாற்றிவிடலாம். என்ஜினை இறக்கும் கூலியோடு பார்த்தால் இவற்றின் விலை ஒன்றுமே இல்லை.

தட்டின் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் தட்டிலேயே பொறித்திருக்கும். பொதுவாக ஸ்பிரிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் கியர் பெட்டியை நோக்கி வரும். அடுத்து, தட்டைச் சரியாக நடுவில் நிறுத்த வேண்டும். இதற்கென்றே கருவி கிடைக்கிறது. பழைய கியர் பெட்டியின் முன் தண்டு ஒன்று கிடைத்தால் அதைவிட நல்லது. அந்தக் காலத்து போமன்கள் ஒரு மரக்குச்சியில் டேப் சுற்றியே இதைச் செய்து முடித்தார்கள். நடுத்தண்டை உருவாமல், பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் முடுக்கினால் பிளேட் கோணிக்கொள்ளும். முடுக்கும் அளவை என்ஜினுக்கு உரிய கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அதிகமானால் சுழலும்போது தெறித்துத் தட்டில் படும்.

என்ஜினோடு கியர் பெட்டியைச் சேர்க்கும் இடத்தில்தான் பொறுமை இழப்பது. கடைசி ஓர் அங்குலம் நுழையாமல் நிற்கும். உடனே போல்ட்டுகளைப் போட்டு இழுத்து முடுக்கத் தோன்றும். கூடாது. தண்டு நேராக இருந்தால் பெட்டி தானாக வழுக்கிச் சேரும். சேரவில்லை என்றால் தட்டு நடுவில் இல்லை, அல்லது பற்கள் பொருந்தவில்லை. கியரைப் போட்டு வால் தண்டை மெல்லத் திருப்பினால் பற்கள் பொருந்தும். அதுவரை கியர் பெட்டியின் பாரம் தட்டின் மேல் தொங்கக் கூடாது. தொங்கினால் தட்டு வளையும். பிறகு கிளட்ச் முழுதாக விடாது.

இணைத்ததும் என்ஜினைத் தூக்கி உள்ளே வைக்க அவசரப்படக் கூடாது. தரையில் இருக்கும்போதே கியரைப் போட்டு, கிளட்ச் நெம்புகோலில் நீளமான குழாயைச் செருகி ஒருவர் இழுக்க, இன்னொருவர் வால் தண்டைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இழுத்தபோது தண்டு தனியாகச் சுழன்று, விட்டபோது என்ஜினும் சேர்ந்து சுழன்றால் வேலை சரி. இரண்டு நிமிடச் சோதனை இது, பலர் செய்வதில்லை.

காருக்குள் வைத்த பிறகு, கேபிள் வகையாக இருந்தால் மிதிக்கட்டையில் கையேடு சொல்லும் அளவு தளர்வு விட வேண்டும். தளர்வே இல்லையென்றால் பேரிங் ஓயாமல் தேயும், கிளட்சும் வழுக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மேட்டில் கிளட்சிலேயே காரை நிறுத்தி வைப்பதும், சீறிப் புறப்படுவதும் வேண்டாம். பிறகு தளர்வை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.