கேட்டறிந்து உண்போம்: ஹெல்சிங்கி நகரின் உணவுகள்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "அங்கே என்ன சாப்பிடுவது?" என்பதுதான். ஆசிரியர் பயிற்சியொன்றுக்காகப் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கு நான் புறப்பட்டபோது உம்மாவும் அதையே கேட்டார். ஈத்தம்பழமும் பிஸ்கட்டும் என் பையில் நிறைந்தன. ஹலால் பேணுபவருக்கு அந்நாட்டு உணவு எதுவும் ஒத்துவராது என்பது பலரது எண்ணம். ஒக்டோபர் மாதத்தில் அங்கு தங்கிய ஒரு வாரம் எனக்கு வேறொன்றைக் கற்பித்தது. விசாரித்து உண்ணும் நமது வழக்கமே அந்நாட்டின் சமையலை நான் அறிந்துகொள்ளும் வழியாயிற்று.

ஹெல்சிங்கி வட அகலாங்கு 60 பாகையில் உள்ளது. டிசம்பரில் அங்கே பகல்பொழுது ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு. வயல்கள் பனியால் மூடப்பட்டுவிடும். ஆகவே, குறுகிய கோடையில் கிடைப்பதை நீண்ட குளிர்காலத்துக்குச் சேமித்து வைப்பதே அவர்களது சமையலின் அடிப்படை. அவர்களின் முக்கிய உணவான கறுத்த றைப் பாண் இதற்கு நல்ல உதாரணம். றை என்பது குளிரைத் தாங்கி வளரும் ஒரு தானியம். மேற்குப் பகுதிக் கிராமங்களில் முற்காலத்தில் வருடத்தில் சில தடவைகளே பாண் சுட்டார்கள். நடுவே துளையிட்ட வட்டப் பாண்களைக் கம்பில் கோத்து, கூரையின் கீழ் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். சுதந்திரத்தின் நூற்றாண்டான 2017இல் மக்கள் வாக்களித்துத் தேசிய உணவாகத் தெரிவு செய்ததும் றைப் பாணையே.

துறைமுகத்தை ஒட்டிய சந்தைச் சதுக்கத்தில் ஒவ்வொரு ஒக்டோபரிலும் மீன் சந்தை கூடுகிறது. 1743ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. தீவுகளிலிருந்து வரும் மீனவர்கள், நமது சூடை மீனின் இனத்தைச் சேர்ந்த சிறு மீன்களை உப்பிட்டும் வினாகிரியில் ஊறவைத்தும் விற்கிறார்கள். றை மாவில் புரட்டிப் பொரித்த மீனும் அச்சதுக்கத்தில் கிடைக்கும். பக்கத்திலேயே கலைமான் இறைச்சியும் பொரிபட்டதால், ஒரே தட்டிலா இரண்டையும் பொரிக்கிறீர்கள் என்று விசாரித்தேன். விற்பனை செய்த பெண்மணி தனித்தனித் தட்டுகளைக் காட்டி, மீனுக்குப் பட்டர் மட்டுமே சேர்ப்பதாகச் சொன்னார்.

குளிருக்கு மிகவும் இதமாக இருந்தது லோஹிகெய்த்தோ என்னும் சல்மன் மீன் சூப். மீன், உருளைக்கிழங்கு, லீக்ஸ், கிறீம், சதகுப்பை இலை ஆகியவை சேர்ந்தது. நமது மீன் சொதியில் தேங்காய்ப்பால் செய்யும் வேலையை இங்கே கிறீம் செய்கிறது. மதுசாரம் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லை என்று அறிந்தபின் அருந்தினேன்.

கரேலியப் பணியாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மெல்லிய றை மாவுத் தகட்டில் பாற்சோற்றை வைத்து, ஓரங்களை நெரித்துச் சுடுவார்கள். அவித்த முட்டையும் பட்டரும் பிசைந்த கலவையை மேலே பூசி உண்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் கரேலியா மாநிலத்தின் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்தின் வசமானது. ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறி நாடெங்கும் குடியேறினார்கள். அவர்களுடன் சென்ற இப்பணியாரம் இன்று எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. இடம்பெயர்வின் துயரை அறிந்த நமக்கு இது புதிய கதையல்ல. மண்ணை இழந்தவர்களாலும் அடுப்படிக் கைப்பக்குவத்தைக் கொண்டுசெல்ல முடிகிறது.

எல்லா உணவும் பெயரைப் போலவே இருப்பதில்லை. 'கலா' என்றால் பின்னிய மொழியில் மீன். ஆனால் கலாகுக்கோ என்னும் மீன் அடைத்த றைப் பாணில், மீனோடு பன்றி இறைச்சியும் வைத்துச் சுடுவதே வழமை. எனவே அதைத் தவிர்த்தேன். பொதி உணவுகளின் விபரம் பின்னிய மொழியிலும் சுவீடிய மொழியிலும் அச்சிடப்பட்டிருக்கும். பின்னிய மொழியில் 'சியன்லிஹா' என்றால் பன்றி இறைச்சி. 'லீவாதே' என்றால் ஜெலற்றின். இவ்விரு சொற்களையும் முதல் நாளே மனனமிட்டுக்கொண்டேன்.

கோப்பிக் கடையில் கிடைத்த பணிஸின் பெயர் கோர்வபூஸ்தி. 'காதில் விழுந்த அறை' என்பது அதன் பொருள்! கறுவாவும் ஏலமும் மணக்கும் இனிப்புப் பணிஸ் அது. நாம் வட்டிலப்பத்துக்கு இடும் ஏலம், அது விளையவே முடியாத குளிர்நாட்டில் அன்றாடப் பலகாரமொன்றின் வாசனையாகியிருப்பது எனக்கு வியப்பளித்தது.

ஆசிரியை என்ற வகையில் என்னை மிகவும் கவர்ந்தது பாடசாலை மதிய உணவு. எல்லா மாணவருக்கும் இலவசமாக உணவளிக்க வேண்டும் என்ற சட்டத்தை 1943இல், யுத்தத்தின் நடுவே, பின்லாந்து இயற்றியது. 1948 முதல் அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

அன்பு மாணவிகளே, நாளை உயர்கல்விக்கோ தொழிலுக்கோ நீங்கள் தூரதேசம் செல்லக்கூடும். "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நான் கேட்ட இடங்களில் எவரும் முகம் சுளிக்கவில்லை. பெரும்பாலானோர் சமைக்கும் முறையையும் சேர்த்தே விளக்கினார்கள். பெற்றோரே, பிள்ளையின் பையில் ஈத்தம்பழத்தை வைத்து அனுப்புங்கள். கேட்டறியும் துணிவையும் கொடுத்து அனுப்புங்கள்.